அடர்ந்த நியூட்ரான் பருப்பொருளை வலிமையான காந்தப்புலம் என்ன செய்யும்? கையால் கணக்குப் போட்டுப் பார்க்க ஒரு முழு வழிகாட்டி

நியூட்ரானுக்கு மின்னூட்டமே கிடையாது, அதைக் காந்தப்புலம் என்ன செய்துவிடப் போகிறது என்று கேட்பவர்கள் ஒரு பக்கம். 10¹⁸ காஸ் புலம் வந்துவிட்டால் நியூட்ரான்கள் எல்லாம் ஒரே திசையில் அணிவகுத்து நின்றுவிடும் என்று நம்புகிறவர்கள் இன்னொரு பக்கம். இரண்டுமே சரியில்லை. நியூட்ரான் விண்மீனுக்குள் இருக்கும் பருப்பொருளில் புலம் முதலில் கை வைப்பது எலக்ட்ரான்கள் மேலும், ஜோடி சேர்ந்த துகள்கள் மேலும்தான். நியூட்ரானின் ஸ்பின் (அதைக் குட்டிக் காந்தம்போல் ஆக்கும் உள்ளார்ந்த சுழற்சிப் பண்பு) கடைசியாகத்தான் அசைந்து கொடுக்கிறது, அது முழுசாக அசைவதற்குள் விண்மீனே தாங்காமல் போய்விடும். இதை யார் சொன்னதையும் நம்பி ஏற்றுக்கொள்ள வேண்டாம், பேனாவும் கால்குலேட்டரும் இருந்தால் ஒரு மாலைக்குள் நீங்களே போட்டுப் பார்க்கலாம். பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியலோடு ஃபெர்மி ஆற்றல் என்றால் என்ன என்று கொஞ்சம் தெரிந்திருந்தால் போதும்.

வழிமுறை ஒன்றே ஒன்றுதான். புலம் தரும் ஆற்றலையும், பருப்பொருளில் ஏற்கனவே இருக்கும் ஆற்றலையும் ஒரே அலகில் எழுதிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது. அந்த அலகு மெகா எலக்ட்ரான் வோல்ட், இனி மெ.எ.வோ. என்றே எழுதுகிறேன். நீளத்துக்கு ஃபெர்மி, அதாவது 10⁻¹³ செ.மீ. புலத்துக்கு காஸ், டெஸ்லாவில் பழகியவர்கள் பத்தாயிரத்தால் வகுத்துக்கொள்ளுங்கள்.

படி 1: எவ்வளவு புலம் என்று முதலில் தீர்மானியுங்கள்

பூமியின் புலம் அரை காஸ் அளவு. ஆய்வகத்தில் தொடர்ச்சியாக நிறுத்தி வைக்க முடிந்த மிக வலிமையான புலங்கள் 45 டெஸ்லா, அதாவது 4.5 லட்சம் காஸ் அளவில்தான் இருக்கின்றன. சுழன்றுகொண்டே துடிப்புகளை அனுப்பும் நியூட்ரான் விண்மீன்களான சாதாரணப் பல்சார்களில் 10¹² காஸ். அதற்கும் மேலே மேக்னட்டார்கள், அதாவது மிக வலிமையான புலம் கொண்ட நியூட்ரான் விண்மீன்கள். ராபர்ட் டங்கனும் கிறிஸ்டோபர் தாம்சனும் 1992-இல் கோட்பாடாகச் சொன்னார்கள், 1998-இல் கிறிசா கூவெலியோட்டு குழு எஸ்.ஜி.ஆர். 1806-20 என்ற விண்மீனில் அளந்து காட்டியது.

அந்த அளவீட்டை நீங்களும் செய்து பார்க்கலாம். அந்த விண்மீன் ஒரு சுற்று சுற்ற 7.47 நொடி ஆகிறது, அந்த நேரம் நொடிக்கு 8.2 × 10⁻¹¹ நொடி வீதம் கூடிக்கொண்டே போகிறது. இரண்டையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்து, 3.2 × 10¹⁹ ஆல் பெருக்குங்கள். ஏறக்குறைய 8 × 10¹⁴ காஸ் வரும். காந்தப்புலம்தான் சுழற்சியைப் பிரேக் போட்டு நிறுத்துகிறது என்ற அனுமானத்தில் வரும் எண் இது, அதுவும் மேற்பரப்புக்கு வெளியே இருக்கும் புலத்துக்கு மட்டும்.

உள்ளே? நேரடியாக அளக்க வழியில்லை, சுற்றி வளைத்துத்தான் பிடிக்க வேண்டும். இதே விண்மீன் 2004 டிசம்பர் 27 அன்று ஒரு பெரும் வெடிப்பில் 10⁴⁶ எர்க் அளவு ஆற்றலைக் கொட்டியது. 10 கி.மீ. ஆரமுள்ள கோளத்தில் 10¹⁵ காஸ் நிறைந்திருந்தால் அதன் மொத்தக் காந்த ஆற்றல் 1.7 × 10⁴⁷ எர்க்தான். அதாவது பத்துப் பதினைந்து வெடிப்பிலேயே சேமிப்பு தீர்ந்துவிடும். உள்ளே 10¹⁶ என்று வைத்தால் கையிருப்பு நூறு மடங்கு ஆகிறது. ஆகவே 10¹⁶ வரை பேசுவது நியாயம், அதற்கு மேலே போகப் போக ஊகத்தின் பங்கு கூடுகிறது என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 2: கூரையைக் கண்டுபிடியுங்கள்

புலத்தை எவ்வளவு வேண்டுமானாலும் கூட்டிக்கொண்டே போக முடியாது. காந்தப்புலமும் ஓர் அழுத்தம்தான், ஈர்ப்பு கட்டி வைத்திருப்பதை அது பிய்த்துப் போடப் பார்க்கும். சுப்பிரமணியன் சந்திரசேகரும் என்ரிகோ ஃபெர்மியும் 1953-இல் விரியல் தேற்றத்தை (ஒரு பொருளைக் கட்டி வைக்கும் ஆற்றலையும் பிரிக்கப் பார்க்கும் ஆற்றலையும் இணைக்கும் விதியை) வைத்து இந்த வரம்பைக் காட்டினார்கள்: மொத்தக் காந்த ஆற்றல், ஈர்ப்பு ஆற்றலைத் தாண்டக் கூடாது. 1.4 சூரிய நிறை, 10 கி.மீ. ஆரம் என்று போட்டால் 1.8 × 10¹⁸ காஸ் வருகிறது. பொதுச் சார்பியலோடு முழுசாகக் கணினியில் போட்டவர்களுக்கும் 10¹⁸-ஐ ஒட்டித்தான் வந்தது.

இந்த எண்ணை ஒரு தாளில் எழுதி மேசையில் ஒட்டி வைத்துவிடுங்கள். 10¹⁹ காஸில், 10²⁰ காஸில் நிலைச் சமன்பாடு (அடர்த்திக்கும் அழுத்தத்துக்கும் உள்ள தொடர்பு) எப்படி மாறுகிறது என்று அழகான வரைபடங்கள் நிறையப் பார்க்கக் கிடைக்கும். கணித ரீதியாக அதில் தவறில்லை. ஆனால் அப்படிப்பட்ட புலத்தைத் தாங்கி நிற்கும் விண்மீன் எது என்று கேட்டால் பதில் இருக்காது.

படி 3: நியூட்ரானின் ஸ்பின் எவ்வளவு அசைகிறது என்று போட்டுப் பாருங்கள்

மின்னூட்டம் இல்லாவிட்டாலும் நியூட்ரானுக்குள் குவார்க்குகள் இருக்கின்றன, அதனால் காந்தத் திருப்புத்திறன் உண்டு. மதிப்பு −1.913 அணுக்கரு மேக்னட்டான். அந்தக் குறை அடையாளம், திருப்புத்திறனும் ஸ்பின்னும் எதிரெதிர்த் திசையில் இருக்கின்றன என்று மட்டும்தான் சொல்கிறது. புலத்தோடு ஒத்துப்போவது திருப்புத்திறன், ஸ்பின் புலத்துக்கு எதிராக நிற்கும். கணக்குக்கு வேண்டியது இதுதான்: ஒரு காஸுக்கு 6.03 × 10⁻¹⁸ மெ.எ.வோ.

10¹⁵ காஸில் இது 0.006 மெ.எ.வோ. 10¹⁸ காஸில் 6 மெ.எ.வோ.

இப்போது எதிர்த் தட்டு. அணுக்கருவின் இயல்பான அடர்த்தி கன ஃபெர்மிக்கு 0.16 துகள். இதை 3π²-ஆல் பெருக்கி மூன்றாம் மூலம் எடுத்தால் ஃபெர்மி அலைஎண் 1.68 (ஃபெர்மிக்கு). அதன் வர்க்கத்தை 20.7-ஆல் பெருக்கினால் ஃபெர்மி ஆற்றல் ஏறக்குறைய 58 மெ.எ.வோ. பத்துக் கோடி கெல்வின் வெப்பநிலையில் வெப்ப ஆற்றல் 0.0086 மெ.எ.வோ.தான், 10¹⁵ காஸ் தரும் ஆற்றலும் கிட்டத்தட்ட அவ்வளவே. சாதாரண வாயுவாக இருந்தால், காந்த ஆற்றல் வெப்ப ஆற்றலை இவ்வளவு நெருங்கும்போதே ஸ்பின்களில் பெரிய சாய்வு வந்திருக்கும். இங்கே அது நடக்காது. கூட்டம் பிதுங்கும் பேருந்தில் படியோரம் நிற்பவரால்தான் கொஞ்சமாவது நகர முடியும். அதே மாதிரி ஃபெர்மிப் பரப்பை ஒட்டி இருக்கும் நியூட்ரான்கள் மட்டுமே ஸ்பின்னைத் திருப்ப முடியும், மற்றவை திரும்ப நினைத்தாலும் போய் உட்கார இடம் காலியில்லை.

ஒன்றோடொன்று வினை புரியாத நியூட்ரான்கள் என்று வைத்துக்கொண்டால், ஸ்பின் சாய்வின் பின்னம் = 1.5 × காந்த ஆற்றல் ÷ ஃபெர்மி ஆற்றல். 10¹⁵ காஸில் பத்தாயிரத்தில் ஒன்றரை பங்கு. 10¹⁸ காஸில் 15 சதவீதம். அதாவது கூரையைத் தொட்டு நிற்கும் புலத்தில்கூட, நூறு நியூட்ரானில் ஏறக்குறைய 58 ஒரு பக்கம், 42 மறுபக்கம். அவ்வளவுதான்.

அதுவும் மிகைக் கணக்கு. உண்மையில் நியூட்ரான்களுக்கு இடையே வலுவிசை இருக்கிறது, ஒரே ஸ்பின் உள்ள இரண்டு நியூட்ரான்களைவிட எதிர் ஸ்பின் உள்ள இரண்டுக்கு அது அதிக ஈர்ப்பைத் தருகிறது. ஆக ஸ்பின்னைத் திருப்பினால் அந்த ஈர்ப்பையும் இழக்க வேண்டும். குவாண்டம் மாண்டே கார்லோ முறையில் 2001-இல் ஃபன்டோனி, சர்சா, ஷ்மிட் மூவரும் செய்த கணக்கில், இந்த அடர்த்தியை ஒட்டிய இடங்களில் காந்த ஏற்புத்திறன் (புலத்துக்கு ஸ்பின்கள் எவ்வளவு சாய்ந்து கொடுக்கின்றன என்ற அளவு) தனி வாயுவுக்கு வருவதில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு இறங்குகிறது. ஆகவே 15 சதவீதத்தை 5 என்று திருத்திக்கொள்ளுங்கள்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. ஸ்கிர்ம் வகை விசைகளை (அணுக்கரு விசைக்கான எளிமையான, அளவுருக்களைப் பொருத்தி எடுத்த சூத்திரங்களை) கணினியில் ஓட்டினால், அவற்றில் பலவற்றில் அடர்த்தி சில மடங்கு கூடியதும் நியூட்ரான்கள் புலமே இல்லாமல் தானாகக் காந்தமாகிவிடும். பரபரப்பான முடிவு மாதிரி தெரியும். ஆனால் அடிப்படை விசையிலிருந்து தொடங்கும் கணக்குகளில் அந்த மாற்றம் வருவதில்லை. ஸ்கிர்ம் விசைகளின் அளவுருக்கள் ஸ்பின் சமமாக இருக்கும் அணுக்கருக்களுக்குப் பொருத்தி எடுத்தவை, ஸ்பின் சாய்ந்த பருப்பொருளில் அவை சொல்வதை அப்படியே நம்ப வேண்டியதில்லை.

முழுச் சாய்வு வேண்டுமென்றால் எவ்வளவு புலம்? எல்லாம் ஒரே ஸ்பின் ஆகிவிட்டால் ஃபெர்மி ஆற்றல் 1.59 மடங்காகி 93 மெ.எ.வோ. ஆகும். காந்த ஆற்றலின் இரண்டு மடங்கு அதைத் தொட வேண்டும். விடை 7.7 × 10¹⁸ காஸ், அதுவும் வலுவிசையை விட்டுவிட்டுப் போட்டால். மேசையில் ஒட்டிய தாளைப் பாருங்கள். கூரைக்கு வெளியே.

படி 4: அதே கணக்கைக் குறைந்த அடர்த்தியில் திரும்பச் செய்யுங்கள்

ஃபெர்மி ஆற்றல் அடர்த்தியின் மூன்றில் இரண்டு அடுக்காக மாறுகிறது. அடர்த்தியை நூறில் ஒன்றாக்கினால் அது 2.7 மெ.எ.வோ.-க்கு இறங்கிவிடும், முழுச் சாய்வுக்கு 3.6 × 10¹⁷ காஸ் போதும் என்று ஆகிறது. இது உள் மேலோட்டில், அணுக்கருக்களுக்கு நடுவே நியூட்ரான்கள் கசிந்து நிற்கும் பகுதி. ஸ்பின்னைப் பொறுத்தவரை புலம் கடித்துத் தின்பது மையத்தை அல்ல, ஓரத்தைத்தான். புலம் எப்படியும் மையத்தில்தான் அதிகம், ஆகவே விளைவும் அங்கேதான் அதிகம் என்று யோசிக்காமல் எழுதிவிடுவது எளிது. அடர்த்தியோடு சேர்த்துப் பார்க்காவிட்டால் தலைகீழாகப் போய்விடும்.

படி 5: ஜோடிகளைக் கவனியுங்கள்

அதே உள் மேலோட்டில் நியூட்ரான்கள் தனித்தனியாகத் திரிவதில்லை. எதிர் ஸ்பின் உள்ள இரண்டிரண்டாக ஜோடி சேர்ந்து மீப்பாய்மமாக, அதாவது உராய்வே இல்லாமல் ஓடும் பாய்மமாக இருக்கின்றன. ஜோடியைப் பிரிக்கத் தேவையான ஆற்றல் இடைவெளி 1 மெ.எ.வோ. அளவு. 58 அல்ல, 1! ஆகவே புலத்துக்கு இங்கேதான் பிடி கிடைக்கிறது. இரண்டு நியூட்ரானையும் ஒரே பக்கம் திருப்பு என்று புலம் இழுக்கிறது, ஜோடியோ எதிரெதிராகவே நில் என்கிறது. மீக்கடத்திகளுக்காக 1962-இல் கிளாக்ஸ்டனும் பி. எஸ். சந்திரசேகரும் தனித்தனியாகக் கண்ட வரம்பு இதற்கும் பொருந்தும் (இவர் வேறு சந்திரசேகர், விரியல் கணக்குப் போட்டவர் அல்ல): காந்த ஆற்றல், இடைவெளியை √2-ஆல் வகுத்தால் வருவதைத் தாண்டினால் ஜோடி உடையும். 0.707-ஐ 6.03 × 10⁻¹⁸-ஆல் வகுங்கள். 1.2 × 10¹⁷ காஸ். இடைவெளி 1 மெ.எ.வோ.-க்கும் கீழே இருக்கும் அடர்த்திகளில் இன்னும் சீக்கிரமே உடைந்துவிடும்.

மையப் பகுதியில் நியூட்ரான் ஜோடிகள் வேறு வகை. இரண்டு ஸ்பின்னும் ஒரே பக்கம் பார்த்துச் சேரும் ஜோடிகள். அவற்றை இந்த வழியில் உடைக்க முடியாது, புலம் இழுக்கும் பக்கமே அவையும் சாயலாம்.

புரோட்டான்களின் கதை தனி. மையத்தில் சில சதவீதம் இருக்கும் புரோட்டான்கள் ஜோடி சேர்ந்தால் மீக்கடத்தியாகின்றன, பெரும்பாலான இடங்களில் இரண்டாம் வகை. புலம் உள்ளே நுழைய வேண்டுமானால் மெல்லிய குழாய்களாகத்தான் நுழைய முடியும், ஒவ்வொரு குழாயும் 2.07 × 10⁻⁷ காஸ்–சதுர செ.மீ. பாயம் சுமக்கும். 10¹⁵ காஸுக்கு ஒரு சதுர சென்டிமீட்டரில் 5 × 10²¹ குழாய்கள். குழாய்க்குக் குழாய் இடைவெளி 140 ஃபெர்மி. குழாயின் நடுவே மீக்கடத்தல் செத்துப்போன கரு இருபது ஃபெர்மி ஆரம் என்று வைத்துக்கொண்டு புலத்தைப் பத்து மடங்காக்குங்கள். இடைவெளி 45 ஃபெர்மி ஆகிவிடும், கருக்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொள்ளும், மீக்கடத்தல் அதோடு முடிந்தது. ஆக 10¹⁶ காஸிலேயே புரோட்டான்களின் மீக்கடத்தல் போய்விடுகிறது. விண்மீன் எப்படிக் குளிர்கிறது, நியூட்ரினோ எவ்வளவு வெளியேறுகிறது என்பதெல்லாம் இதனால் மாறும். மேக்னட்டார்களில் நிஜமாகவே எதிர்பார்க்கக்கூடிய விளைவு எது என்று கேட்டால் நான் முதலில் கை காட்டுவது இதைத்தான்.

படி 6: எலக்ட்ரான்களின் மட்டங்களை எண்ணுங்கள்

சுத்த நியூட்ரான் பருப்பொருள் என்பது தாளில் மட்டும்தான். நிஜத்தில் நியூட்ரான், புரோட்டான், எலக்ட்ரான் மூன்றும் பீட்டாச் சமநிலையில் இருக்கின்றன, அதாவது நியூட்ரான் சிதைவதும் புரோட்டானும் எலக்ட்ரானும் சேர்ந்து நியூட்ரானாவதும் ஒன்றையொன்று ஈடுகட்டுகின்றன. மின்னூட்டமுள்ள துகள் புலத்துக்குக் குறுக்கே இஷ்டத்துக்கு ஓட முடியாது, வட்டம் போட வேண்டும், அந்த வட்டங்களின் ஆற்றல் படிப்படியாக மட்டுமே வரும். இவைதான் லாண்டவ் மட்டங்கள்.

எத்தனை மட்டம் நிரம்பியிருக்கிறது? எலக்ட்ரானின் ஃபெர்மி உந்தத்தை வர்க்கமாக்கி, புலத்தின் இரண்டு மடங்கால் வகுத்தால் போதும். இயல்பு அடர்த்தியில் அந்த உந்தம் சுமார் 110 மெ.எ.வோ. (ஒளிவேகத்தால் பெருக்கி எழுதியது), 10¹⁵ காஸ் என்பது அதே அலகில் 5.9 சதுர மெ.எ.வோ. வகுத்துப் பாருங்கள்: ஏறக்குறைய ஆயிரம் மட்டங்கள். 10¹⁶-இல் நூறு, 10¹⁷-இல் பத்து, 10¹⁸-இல் ஒன்று. ஆயிரம் மட்டம் நிரம்பியிருக்கும்போது படிகளே கண்ணுக்குத் தெரியாது, சரிவு மாதிரிதான் இருக்கும். புலம் இல்லாத சூத்திரத்தையே தைரியமாகப் போடலாம். பத்துக்குக் கீழே போனால் போட முடியாது.

பலர் சறுக்கும் இடம் இது. எலக்ட்ரானின் மாறுநிலைப் புலம் 4.4 × 10¹³ காஸ், அதைத் தாண்டினாலே குவாண்டம் விளைவு பெரிதாகிவிடும் என்று எழுதுவார்கள். அந்த எண் வட்ட ஓட்டத்தின் ஆற்றல் எலக்ட்ரானின் நிறை ஆற்றலைத் தொடும் இடம், அவ்வளவுதான். அடர்ந்த பருப்பொருளில் போட்டி நிறையோடு அல்ல, ஃபெர்மி ஆற்றலோடு. இதே தவறின் மறுபக்கம், புரோட்டானின் மாறுநிலைப் புலம் 1.5 × 10²⁰ காஸ், ஆகவே புரோட்டானை விட்டுவிடலாம் என்பது. விட முடியாது. மின்னூட்டச் சமநிலைக்காக புரோட்டானும் எலக்ட்ரானும் ஒரே எண்ணிக்கை, ஆகவே ஒரே ஃபெர்மி உந்தம், மேலே போட்ட வகுத்தலில் நிறை எங்கேயும் வரவில்லை. எலக்ட்ரான் எத்தனை மட்டத்தில் இருக்கிறதோ ஏறக்குறைய அத்தனை மட்டத்தில்தான் புரோட்டானும் இருக்கும்.

கீழ் மட்டம் ஒன்றில் மட்டும் எல்லா எலக்ட்ரான்களும் அடங்கிவிட்ட பிறகு, புலத்தைக் கூட்டக் கூட்ட அந்த மட்டத்தில் இடம் கூடுகிறது, அதே எண்ணிக்கைக்குத் தேவையான ஆற்றல் குறைகிறது. 3 × 10¹⁸ காஸில் 110 பாதிக்கும் சற்றுக் கீழே இறங்கி 50 ஆகிவிடும். எலக்ட்ரான் மலிவானால் நியூட்ரான்கள் சிதைந்து புரோட்டானாவது லாபம், புரோட்டான் பங்கு ஏறும், பருப்பொருள் சற்று மென்மையாகும். நியூட்ரான், புரோட்டான்களின் திருப்புத்திறனைச் சேர்த்தால் எதிர்த் திசையில் கொஞ்சம் விறைப்பு வரும்; 2000-இல் பிராடரிக், பிரகாஷ், லாட்டிமர் மூவரும் இந்த இழுபறியை விரிவாகப் போட்டுக் காட்டினார்கள். அப்புறம், புரோட்டான் பங்கு 11 சதவீதத்தைத் தாண்டினால்தான் நடக்கும் நேரடி அர்க்கா வினை (நியூட்ரினோக்களை வெளியேற்றி விண்மீனை வேகமாகக் குளிர்விக்கும் வினை), வலிமையான புலத்தில் அந்த வாசலுக்குக் கொஞ்சம் கீழேயும் நடக்கத் தொடங்கும், ஏனென்றால் புலத்துக்குக் குறுக்கே உந்தம் கறாராகப் பாதுகாக்கப்படுவதில்லை.

படி 7: புலத்தின் சொந்த அழுத்தத்தைச் சேருங்கள்

புலத்தின் வர்க்கத்தை 8π-ஆல் வகுத்தால் அதன் ஆற்றல் அடர்த்தி. 10¹⁸ காஸுக்கு கன செ.மீ.-க்கு 4 × 10³⁴ எர்க், அதாவது கன ஃபெர்மிக்கு 25 மெ.எ.வோ. இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் மோதி 2017 ஆகஸ்ட் 17 அன்று பிடிபட்ட ஈர்ப்பலையிலிருந்து, இயல்பு அடர்த்தியின் இரண்டு மடங்கில் பருப்பொருளின் அழுத்தம் கன செ.மீ.-க்கு 3.5 × 10³⁴ எர்க் அளவு என்று கணித்திருக்கிறார்கள். பக்கத்தில் வைத்துப் பாருங்கள், இரண்டும் சமம். 10¹⁵ காஸில் இதே எண் பத்து லட்சத்தில் ஒரு பங்காகிவிடும், கணக்கிலேயே வராது.

நியூட்ரான்கள் காந்தமாவதால் வரும் பங்கு? அடர்த்தி 0.16, சாய்வு 0.15, ஆற்றல் 6, பெருக்கினால் 0.15 மெ.எ.வோ., வலுவிசையைச் சேர்த்தால் 0.05. இருபத்தைந்துக்கு எதிரே அரைக்கால் பங்குகூட இல்லை. விண்மீனின் உருவத்தை மாற்றுவது புலமே தவிர, புலத்தால் மாறிய பருப்பொருள் அல்ல. 2015-இல் சாட்டர்ஜி குழு இரண்டையும் சேர்த்து, சேர்க்காமல் என்று பொதுச் சார்பியலில் போட்டுப் பார்த்தபோதும் நிலைச் சமன்பாட்டு மாற்றத்தால் நிறையிலோ ஆரத்திலோ பெரிய வித்தியாசம் வரவில்லை.

ஒரு எச்சரிக்கை. புலத்தின் அழுத்தம் எல்லாப் பக்கமும் ஒன்று அல்ல. புலத்துக்குக் குறுக்கே தள்ளும், புலத்தின் வழியே இழுக்கும். சிலர் குறுக்கு அழுத்தத்தை மட்டும் எடுத்து, கோள வடிவ விண்மீனுக்கான டோல்மன்–ஓப்பன்ஹைமர்–வோல்கோஃப் சமன்பாட்டில் போட்டு, நிறை இவ்வளவு கூடியது என்று முடிவு எழுதிவிடுகிறார்கள். அந்தச் சமன்பாட்டின் முதல் நிபந்தனையே எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி என்பதுதான். வலிமையான புலத்தில் விண்மீன் கோளமாக இருக்காது: துருவத்திலிருந்து துருவத்துக்குப் போகும் புலமானால் தட்டையாகும், அச்சைச் சுற்றி வளையமாக ஓடும் புலமானால் நீளும். ஐன்ஸ்டைன், மேக்ஸ்வெல் சமன்பாடுகளைச் சேர்த்துத்தான் தீர்க்க வேண்டும். 1995-இல் போக்கே, போனட்சோலா, குர்குலோன், நோவாக் நால்வரும் போட்ட பாதை அது.

படி 8: கணினியில் போடும்போது

முதலில் புலத்தைப் பூஜ்யத்தை நோக்கி இறக்கி, பழைய ஃபெர்மி வாயு எண்கள் திரும்ப வருகின்றனவா என்று பாருங்கள். சரியாகப் பூஜ்யம் போட்டால் மட்டங்களின் எண்ணிக்கை முடிவிலியாகி நிரல் தொங்கிவிடும், ஆகவே 10¹⁴ காஸில் நிறுத்துங்கள், பத்தாயிரம் மட்டங்களோடு போகும். கீழ் மட்டத்துக்கு ஸ்பின் நிலை ஒன்று, மற்ற எல்லாவற்றுக்கும் இரண்டு. இதை மறந்தால் அதிக புலத்தில் எலக்ட்ரான் எண்ணிக்கை இரண்டு மடங்காக வந்து நிற்கும், எங்கே தவறு என்று தேடிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். எலக்ட்ரானின் கூடுதல் திருப்புத்திறனைப் புலத்துக்கு நேர் விகிதமாகச் சேர்க்காதீர்கள், மாறுநிலைப் புலத்துக்கு மேலே அந்த நேர் விகிதம் செல்லாது.

அப்புறம் அந்த ரம்பப் பற்கள். ஒவ்வொரு மட்டம் காலியாகும்போதும் அழுத்தத்தில் ஒரு சின்ன நெளிவு, ஏற்புத்திறனில் கூர்மையான முனை வரும். நிரலின் பிழை என்று பயந்து மென்மையாக்கிவிடாதீர்கள், இயற்பியலே அப்படித்தான். ஆனால் வெப்பநிலையைப் பூஜ்யமாக வைத்ததால்தான் அவ்வளவு கூர்மை. 10¹⁵ காஸில் ஃபெர்மிப் பரப்பருகே மட்டத்துக்கு மட்டம் தூரம் 0.054 மெ.எ.வோ.; பத்துக் கோடி கெல்வினில் பற்கள் மழுங்கலாகத் தெரியும், நூறு கோடி கெல்வினில் வெப்ப ஆற்றலே 0.086 ஆகி அவை முழுசாக அழிந்துவிடும். வெப்பநிலையை நிஜ மதிப்பில் வைத்து ஓட்டிய பிறகும் பற்கள் அதே கூர்மையோடு நின்றால், அப்போது நிரலைச் சந்தேகப்படுங்கள்.